பிரைமரைக் கையால் பதிப்பது: அடிக்காமல், அவசரப்படாமல்

தோட்டாவை மறுபடி நிரப்பும் வேலை என்றதும் எல்லாருக்கும் பவுடர் டப்பாவைப் பார்த்துத்தான் பயம் வரும். புதிதாக வருகிறவர்கள் அதைத் தொடவே கூசுவார்கள். பக்கத்திலேயே பிரைமர் அட்டையைத் திறந்துபோட்டு வைத்திருப்பார்கள். பிரைமர் என்பது தோட்டாவின் அடியில் இருந்து பவுடருக்குத் தீ வைக்கும் சின்ன உலோகக் கிண்ணம். உண்மையில் பயம் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. புகையில்லாப் பவுடரைத் திறந்த இடத்தில் பற்றவைத்தால் அது வேகமாக எரியும், அவ்வளவுதான். அந்த மேசையில் ஒரு தட்டுக்கே வெடிக்கக்கூடிய பொருள் பிரைமர் ஒன்றுதான். அடித்தால் வெடிக்க வேண்டும் என்பதற்காகவே செய்யப்பட்டது அது. அதைத்தான் நாம் கையில் எடுத்து, தோட்டாவின் பித்தளைக் கூட்டின் அடியில் உள்ள ஒரு இறுக்கமான குழிக்குள் அழுத்தி நுழைக்கப் போகிறோம்.

அப்படியும் இதை ஆயிரக்கணக்கானவர்கள் ஒரு விபத்தும் இல்லாமல் செய்துகொண்டே இருக்கிறார்கள். காரணம் ஒன்றுதான்: பிரைமர் மெதுவான அழுத்தத்தைத் தாங்கும், அடியைத் தாங்காது. கீழே சொல்லப்போகும் எல்லாமே இந்த ஒரு வித்தியாசத்தைச் சுற்றித்தான்.

தொடங்கும் முன் ஒரு வார்த்தை. தோட்டா நிரப்ப உரிமம் தேவையா, எத்தனை பிரைமர் கையில் வைத்திருக்கலாம் என்பதெல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். சில இடங்களில் அனுமதியில்லாமல் செய்வது நேரடிக் குற்றம். அதைத் தெளிவாகத் தெரிந்துகொண்ட பிறகு மேலே படியுங்கள்.

அந்தச் சின்னக் கிண்ணத்துக்குள்

பிரைமரை விரல்நுனியில் வைத்துப் பார்த்தால் மூன்று பாகம் தெரியும். வெளியே மெல்லிய உலோகக் கிண்ணம். அதன் அடியில் ஒரு சிட்டிகைகூட வராத அளவுக்கு வெடிக்கலவை. இன்று கடைக்கு வரும் பெரும்பாலான பிரைமர்களில் அதன் உயிர் ஈய ஸ்டிஃப்னேட்; கூடவே பேரியம் நைட்ரேட், ஆன்டிமனி சல்ஃபைடு போன்றவை இருக்கும். அதற்கு மேல் இரண்டு அல்லது மூன்று கால்களோடு ஒரு குட்டி உலோகத் துண்டு. கொல்லன் பட்டறை அடைகல் செய்கிற வேலையைத்தான் இதுவும் செய்கிறது, அதனால் அடைகல் என்றே சொல்கிறேன். துப்பாக்கியின் ஊசி கிண்ணத்தின் முதுகில் குத்தும்போது, கலவை கிண்ணத்துக்கும் அடைகல்லுக்கும் நடுவில் நசுங்கும். அந்த நசுக்கலில் பிறக்கும் தீ, குழியின் நடுவில் உள்ள துளை வழியாகப் பவுடருக்குப் போகும்.

இதில் கவனிக்க வேண்டியது அடைகல்லின் கால்கள். புதுப் பிரைமரில் அவை கிண்ண விளிம்பைவிட ஒரு மயிரிழை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பதிக்கும்போது கால்கள் முதலில் குழியின் தரையைத் தொடும்; பிறகு இன்னும் கொஞ்சம் அழுத்தினால் அடைகல் உள்ளே தள்ளப்பட்டு, கலவையோடு நெருங்கி உட்காரும். இப்படி உட்கார்ந்த பிரைமர்தான் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வெடிக்கும். கால்கள் தரையைத் தொடாமல் பாதியில் நின்றால், ஊசியின் குத்து பிரைமரை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிடும், வெடிக்க மிச்சமிருக்காது. “பிரைமர் சரியில்லை” என்று பழி போடப்படும் பல வெடிக்காத தோட்டாக்களின் கதை இதுதான். அப்படி ஒன்றை இரண்டாவது முறை சுட்டால் வெடிப்பதும் இதனால்தான்: முதல் குத்து பதித்துக்கொடுத்தது, இரண்டாவது குத்து வெடிக்கவைத்தது.

இந்த வழிகாட்டி முழுக்கப் பாக்ஸர் வகைப் பிரைமருக்கு. அதில் அடைகல் பிரைமருக்குள்ளேயே இருக்கும், கூட்டின் குழியில் நடுவில் ஒரே ஒரு துளை. பெர்டன் வகையில் அடைகல் கூட்டிலேயே வார்க்கப்பட்டிருக்கும், துளைகள் ஓரத்தில் இருக்கும்; சாதாரண ஊசியால் பழைய பிரைமரைத் தள்ளிவிட முடியாது. வேடிக்கை என்னவென்றால் பாக்ஸர் இங்கிலாந்துக்காரர், பெர்டன் அமெரிக்கர். இரண்டும் 1860களில் வந்தவை. கடைசியில் அமெரிக்கா பாக்ஸரைப் பிடித்துக்கொண்டது, ஐரோப்பியப் படைகள் பலவும் பெர்டனைப் பிடித்துக்கொண்டன. காலிக்கூட்டின் வாய் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். நடுவில் ஒரு துளை என்றால் நம் ஆள். இரண்டு துளை என்றால் ஒதுக்கி வையுங்கள்.

அளவு

வழக்கமான ரைஃபிள், கைத்துப்பாக்கித் தோட்டாக்களுக்கு இரண்டே விட்டம்தான்: சிறியது 0.175 அங்குலம், அதாவது 4.45 மி.மீ.; பெரியது 0.210 அங்குலம், 5.33 மி.மீ. ஆனால் ஒவ்வொன்றிலும் பிஸ்டல் வகை, ரைஃபிள் வகை, அதற்கு மேல் இன்னும் பலமான தீ தரும் மேக்னம் வகை என்று கிளை பிரியும். பெரிய ரைஃபிள் பிரைமர் பெரிய பிஸ்டல் பிரைமரைவிட உயரம் அதிகம். அதைப் பிஸ்டல் கூட்டில் வைத்தால் தலை நீட்டிக்கொண்டே நிற்கும், எவ்வளவு அழுத்தினாலும் போகாது. சிறியவற்றில் உயரம் ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் தவறு கண்ணுக்குத் தெரியாது; ஆனால் பிஸ்டல் பிரைமரின் கிண்ணம் மெல்லியது. ரைஃபிளின் அழுத்தத்தில் அது கிழிந்து, சூடான வாயு பின்பக்கம் வரலாம்.

தோட்டா நிரப்பும் கையேட்டில் எந்தப் பிரைமர் எழுதியிருக்கிறதோ அதுவே. மேக்னம்தான் கிடைத்தது என்று மாற்றிப் போட்டால் பவுடர் அளவை மறுபடி கீழிருந்து தொடங்கிச் சோதிக்க வேண்டும், பழைய அளவு செல்லாது. ஷாட்கன் தோட்டாவுக்கான 209 பிரைமர் வேறு சாதி. இங்கே அதைப் பற்றிப் பேசவில்லை.

மேசை

கண்ணாடி. படிக்கும் கண்ணாடி இல்லை, பக்கவாட்டும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி. ஒரே ஒரு பிரைமர் வெடித்தால் விரல் போய்விடாது. ஆனால் கிண்ணத் துணுக்கு எந்தத் திசையில் பறக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. மூடிய அறையில் அந்தச் சத்தமும் காதைத் துளைக்கும், காதடைப்பான் போட்டால் நல்லது.

பவுடர் டப்பா மேசையில் இருக்கக்கூடாது. மூடியை இறுக்கி, அடுத்த அலமாரியில். பிரைமர் வேலை முழுதும் முடிந்து, மிச்சம் அதன் பெட்டிக்குப் போன பிறகே பவுடர் வெளியே வரலாம். இரண்டும் ஒரே நேரத்தில் மேசையில் இருந்தால்தான் சின்ன விபத்து பெரிய விபத்தாகும். சிகரெட், மெழுகுவத்தி, வெல்டிங் பொறி என்று நெருப்பின் எந்த உறவும் அறையில் வேண்டாம்.

பிரைமரை அதன் சொந்த அட்டையிலேயே வையுங்கள். ஒவ்வொரு பிரைமரும் தனித்தனிக் குழியில் படுத்திருக்கும் அந்த அமைப்பு அழகுக்காக இல்லை. ஒன்று வெடித்தால் பக்கத்திலிருப்பதைத் தொட்டு இழுக்காமல் இருக்கத்தான். இதையே கண்ணாடிப் புட்டியில் மொத்தமாகக் கொட்டி வைத்தால், உங்கள் கையில் இருப்பது புட்டியில்லை, கையெறிகுண்டு. அது வெடிக்க ஒரு அடிதான் தேவை. அமெரிக்காவில் என்எஃப்பிஏ 495 என்ற தீப்பாதுகாப்பு விதி ஒரு வீட்டில் 10,000 பிரைமருக்கு மேல் வைக்க வேண்டாம் என்று வரம்பு போட்டிருக்கிறது. மேசைக்கு எடுத்துவர வேண்டியதோ ஒரு அட்டை, 100. அதற்கு மேல் எதற்கு?

நிலைமின்சாரம் பற்றி வாதம் நிறைய உண்டு. நான் வாதத்துக்குப் போவதில்லை. நைலான் சட்டையைத் தவிர்க்கிறேன், தொடங்கும் முன் தரையோடு இணைந்த உலோகத்தை ஒரு முறை தொட்டுக்கொள்கிறேன். காசா, பணமா?

விரல்களில் எண்ணெய்ப் பசை இருக்கக்கூடாது. கூட்டுக்குப் பூசிய மசகு காய்ந்த துணியில் துடைக்கப்பட்டிருக்க வேண்டும். இங்கே ஒரு விநோதம்: எண்ணெய் பட்டால் பிரைமர் கெட்டுப்போகலாம் என்று பயப்படுகிறோம், அதே சமயம் வேண்டாத பிரைமரை எண்ணெயில் ஊறப்போட்டால் செத்துவிடும் என்றும் நம்புகிறோம். இரண்டில் எதையும் நம்பிக் காரியம் செய்யாதீர்கள். எண்ணெயில் கிடந்த பிரைமர் வெடிக்கவும் செய்யும், வெடிக்காமலும் போகும்.

கூட்டைத் தயார் செய்தல்

பதிக்கும்போது வரும் தொல்லைகளில் பாதிக்கு மேல் பிரைமரால் வருவதில்லை, குழியால் வருகிறது. அதனால் இங்கே நேரம் செலவழியுங்கள்.

பழைய பிரைமரைத் தள்ளி, கூட்டைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்த பிறகு, குழியைப் பாருங்கள். தரையில் கறுப்பு ஓடு மாதிரி கரி படிந்திருக்கும். குழி சுரண்டியை உள்ளே வைத்து இரண்டு மூன்று திருப்பு போதும். பித்தளை தெரிய வேண்டும், பளபளக்க வேண்டாம். கரி தடிமனாக இருந்தால் பிரைமர் கரியின்மேல் உட்காரும், தரையில் உட்காராது. பிறகு நீட்டிக்கொண்டு நிற்கும். கூடுகளைத் தூளோடோ உமியோடோ போட்டு உருட்டிச் சுத்தம் செய்கிறவர்கள், குழி நடுவில் உள்ள தீத்துளையில் அது சிக்கியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். அலுப்பான வேலைதான். ஈரத்தில் கழுவியவர்கள் குழி உலர்ந்ததா என்று பார்க்க வேண்டும். குழிதான் கடைசியில் காயும் இடம்.

அடுத்தது ராணுவக் கூடுகள். 5.56, 7.62 மி.மீ. தோட்டாக்கள் போன்றவற்றில் பிரைமர் ஆடாமலிருக்க அதைச் சுற்றி உலோகத்தை அமுக்கி வைத்திருப்பார்கள். பழைய பிரைமர் போனாலும் அந்த மேடு குழி வாயில் அப்படியே இருக்கும். புதுப் பிரைமர் அந்த மேட்டில் இடித்து ஓரம் மடங்கும், சாயும், நசுங்கும். அதற்குரிய சீவுளியால் சீவியோ, அமுக்குக் கருவியால் அழுத்தியோ மேட்டை எடுத்த பிறகே பதிக்க வேண்டும். சீவும்போது கை ஓடிவிட்டால் குழி வாய் அகன்று கூடு வீணாகும். மேடு போனதும் நிறுத்துங்கள்.

பிறகு, கூடுகளைப் பிரியுங்கள். .45 ஏசிபி என்ற கைத்துப்பாக்கித் தோட்டாவின் கூடுகளில் பெரிய குழி உள்ளதும் உண்டு, சிறிய குழி உள்ளதும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். பெரிய பிரைமரோடு போகும் வேகத்தில் ஒரு சிறிய குழிக் கூடு நடுவில் வந்தால், கைப்பிடி இறங்காது. “என்ன இது” என்று இன்னும் அழுத்துவோம். அங்கேதான் வினை. ஒரு முறை நான் அப்படித்தான் அழுத்தினேன். வெடிக்கவில்லை, பிரைமர் தட்டையாகிப் போனதுதான் மிச்சம். அன்றைக்கு அந்த அறையிலிருந்து எழுந்து போய் கை நடுக்கம் நின்ற பிறகுதான் திரும்பி வந்தேன். இப்போதெல்லாம் தொடங்கும் முன் கூடுகளைத் தலைகீழாக வரிசையில் நிறுத்தி, குழிகளை ஒரு பார்வை பார்த்துவிடுவேன்.

கருவி

கையில் பிடித்து அமுக்கும் பிரைமிங் கருவியைத்தான் பரிந்துரைப்பேன். அமைப்பு எளிது: கூட்டின் அடிவிளிம்பைப் பிடிக்க ஒரு ஷெல் ஹோல்டர், அதன் கீழே பிரைமரைத் தூக்கித் தள்ளும் ஒரு சிறு தண்டு, தண்டை மேலே நகர்த்த ஒரு நெம்புகோல், பிரைமர் வரிசையாக வந்து நிற்க ஒரு தட்டு. மேசையில் பூட்டிய பெரிய அச்சில் பதிப்பதைவிட இதில் எனக்குப் பிடித்தது, நெம்புகோல் குட்டையாக இருப்பது. பெரிய அச்சின் நீளக் கைப்பிடியில் எவ்வளவு பலம் போகிறது என்று கைக்குத் தெரியாது. பிரைமர் நசுங்கினாலும் வெண்ணெய் மாதிரி இறங்கிவிடும். இதிலோ ஒவ்வொரு தடையும் உள்ளங்கைக்கு வந்து சேரும்.

கருவியைப் பூட்டும்போது மூன்றைச் சரிபார்க்க வேண்டும். ஷெல் ஹோல்டர் அந்தத் தோட்டாவுக்கு உரியதா, கூடு அதில் ஆட்டம் இல்லாமல் நுழைகிறதா. தண்டு பிரைமர் அளவுக்குப் பொருந்தியதா. சிறியதற்குச் சிறியது, பெரியதற்குப் பெரியது. தண்டின் தலையில் பித்தளைத் துகளோ பழைய கலவைத் தூளோ ஒட்டியிருக்கிறதா. மூன்றாவதை யாரும் பார்ப்பதில்லை. பிரைமரின் முதுகில் ஒரு சின்ன வடு தொடர்ந்து விழுந்தால் அந்தத் துகள்தான் காரணம்.

பதித்தல்

பிரைமர் அட்டையைத் தட்டின்மேல் கவிழ்த்து, பிரைமர்களை மெதுவாகத் தட்டில் விடுங்கள். தட்டின் தரையில் வட்ட வட்டமாகக் கோடுகள் இருக்கும். தட்டை மேசைமேல் வைத்தபடி பக்கவாட்டில் மெல்ல ஆட்டினால், கவிழ்ந்து கிடப்பவை கோட்டில் தடுக்கித் திரும்பிக்கொள்ளும். முறத்தில் புடைக்கிற மாதிரி தூக்கிப் போட வேண்டாம். எல்லாவற்றிலும் அடைகல் மேலே பார்க்க வேண்டும், வழுவழுப்பான முதுகு கீழே. ஒன்றிரண்டு அடம்பிடிக்கும், விரலால் திருப்புங்கள். பிறகு மூடியை மூடுங்கள். மூடாமல் வேலை செய்யக்கூடாது. தட்டிலிருப்பது ஒன்று இல்லை, பல.

தட்டு வைத்த கருவி என்றாலும், முதல் இருபது முப்பது கூடுகளுக்கு தட்டைக் கழற்றிவிட்டு, பிரைமரை ஒவ்வொன்றாகக் கையால் தண்டின்மேல் வைத்துப் பழகுங்கள். வேகம் குறையும். ஆனால் எது நேர்ந்தாலும் ஒரே ஒரு பிரைமரோடு நேரும்.

கருவியைப் பிடிக்கும்போது கூட்டின் வாய் உங்களையோ பக்கத்தில் இருப்பவரையோ பார்க்கக்கூடாது. பிரைமர் வெடித்தால் தீ தீத்துளை வழியாகக் கூட்டின் வாயால்தான் வெளியே வரும். முகத்தைக் குனிந்து கருவிக்குள் எட்டிப் பார்க்கும் பழக்கமும் வேண்டாம்.

கூட்டை ஷெல் ஹோல்டரில் கடைசி வரை நுழையுங்கள். பாதியில் நின்றால் குழியும் தண்டும் நேருக்கு நேர் வராது. பிரைமர் சாய்ந்துதான் ஏறும்.

இனி நெம்புகோல். கட்டைவிரலின் சதையால் மெதுவாக அமுக்குங்கள். முதலில் ஒன்றும் தெரியாது, தண்டு மேலே வந்துகொண்டிருக்கிறது. பிறகு ஒரு சின்னத் தயக்கம்: கிண்ணத்தின் ஓரம் குழி வாயைத் தொட்டுவிட்டது. இந்த இடத்தில் ஒரு நொடி நில்லுங்கள், பலத்தைக் கூட்டாதீர்கள். நேராக இருந்தால் இலேசான அழுத்தத்திலேயே உள்ளே வழுக்கும். அடுத்து, இறுக்கமான புட்டி மூடியை அழுத்துவது போல ஒரே சீரான எதிர்ப்பு. கொஞ்ச தூரத்தில் அந்தச் சீர் மாறி, எதிர்ப்பு படியேறும்: அடைகல்லின் கால்கள் தரையைத் தொட்டுவிட்டன. அதற்குப் பிறகு இன்னும் ஒரு சின்ன அழுத்து, இஞ்சியை விரலால் நசுக்கும் அளவுக்குக்கூட வேண்டாம். கெட்டியான நிறுத்தம் வரும். அங்கே நிறுத்துங்கள்.

நெம்புகோலைத் தளர்த்தி, கூட்டைப் பாதிச் சுற்று திருப்பி, அதே அளவில் இன்னொரு முறை அமுக்குகிறவர்கள் உண்டு. நானும் செய்வேன். தண்டு கொஞ்சம் சாய்வாக இருந்தாலும் பிரைமர் சமமாக உட்கார்ந்துவிடும்.

தயக்கம், சீரான எதிர்ப்பு, படி, நிறுத்தம். இந்த வரிசையில் எதுவும் மாறினால் கையை எடுங்கள். எதிர்ப்பே இல்லாமல் பொத்தென்று உள்ளே போனால் குழி தளர்ந்துவிட்டது. அதிக அழுத்தத்தில் பலமுறை சுடப்பட்ட கூட்டில் இப்படி ஆகும். அந்தக் கூட்டை இடுக்கியால் நசுக்கிக் குப்பையில் போடுங்கள், இல்லையென்றால் அடுத்த மாதம் மறுபடி உங்கள் கைக்கே வரும். தொடக்கத்திலேயே கல்லாக நின்றால் ராணுவ மேடு, அளவு மாற்றம், சாய்ந்த பிரைமர் ஆகிய மூன்றில் ஒன்று. பலத்தைக் கூட்டுவது எந்த ஒன்றுக்கும் மருந்தில்லை.

கை களைத்தால் நிறுத்துங்கள். ஐம்பது அறுபதுக்கு மேல் கட்டைவிரல் மரத்துப்போய், படி எங்கே வந்தது என்றே தெரியாமல் போகும்.

சரியாக உட்கார்ந்ததா

சரியான பிரைமர் கூட்டின் அடிமட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கும். வழக்கமாகச் சொல்லப்படும் அளவு 0.003 முதல் 0.005 அங்குலம், அதாவது 0.08 முதல் 0.13 மி.மீ. சாதாரண அச்சுத்தாள் ஒன்றின் கனம் ஏறக்குறைய 0.1 மி.மீ. என்று நினைத்துக்கொண்டால் கணக்கு பிடிபடும்: ஒரு தாள் ஆழம். மட்டத்துக்கு மேலே துளியும் கூடாது.

விரல் நுனியை அடியில் ஓட்டிப் பாருங்கள். பிரைமர் ஒரு மெல்லிய பள்ளமாகத் தட்டுப்பட வேண்டும். மேடாகத் தட்டுப்பட்டால் தவறு. சந்தேகமா? கூட்டைக் கண்ணாடிப் பலகையில் நிமிர்த்தி நிறுத்துங்கள். மேடு இருந்தால் கூடு ஆடும். உலோக அளவுகோலின் விளிம்பை அடியில் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பார்ப்பதும் நல்ல வழி. ஒவ்வொரு கூட்டையும் பாருங்கள். பத்துக்கு ஒன்று என்று மாதிரி எடுத்துப் பார்க்கும் வேலை இல்லை இது.

மேடான பிரைமர் ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? வெடிக்காமல் போவது சின்னக் கெடுதி. ரிவால்வரில் அது உருளையைச் சுற்றவிடாமல் பிடித்துக்கொள்ளும். எம்1 காரண்ட், எஸ்கேஎஸ் போன்ற, ஊசி கட்டில்லாமல் முன்னும் பின்னும் நகரக்கூடிய துப்பாக்கிகளில், பூட்டு அறைந்து மூடும் வேகத்திலேயே தோட்டா வெடித்துவிடலாம். விசையை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

தவறு நடந்துவிட்டால்

கொஞ்சம் மேடாக நின்றால், கூடு காலியாக இருக்கும் வரை, மறுபடி கருவியில் வைத்து அதே மெதுவான அழுத்தத்தில் இன்னும் உள்ளே தள்ளலாம். பவுடரும் குண்டும் ஏற்றிய தோட்டாவில் இதைச் செய்யவே கூடாது. அது இனி வெறும் பிரைமர் இல்லை, கையில் பிடித்த முழுத் தோட்டா. முதலில் குண்டை இழுத்து, பவுடரைக் கொட்டிவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

பிரைமர் பக்கவாட்டில் சாய்ந்து சிக்கினாலோ, தலைகீழாகப் போய்விட்டாலோ, நசுங்கினாலோ நெம்புகோலைத் திருப்பி விடுங்கள். “இன்னும் கொஞ்சம் அமுக்கினால் உள்ளே போய்விடும்” என்ற எண்ணம் எல்லாருக்கும் வரும். போய்விடும்தான், அதன் பிறகு என்ன செய்வது? இறுக்கமாக உட்காராத பிரைமர் கூட்டைக் கவிழ்த்தாலே விழும். விழாததை ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள்.

நேராக உட்கார்ந்த, ஆனால் வேறு காரணத்தால் வேண்டாத பிரைமரை எடுக்க மிகப் பாதுகாப்பான வழி அதைச் சுட்டுவிடுவதுதான். பவுடரும் குண்டும் இல்லாத அந்தக் கூட்டை உரிய துப்பாக்கியில் போட்டு, சுடுவதற்கு ஏற்பாடான இடத்தில், பத்திரமான திசையில் நீட்டிச் சுடுங்கள். கண்ணுக்கும் காதுக்கும் காப்பு வேண்டும். சத்தம் பொட்டுவெடி மாதிரி இருக்கும் என்று அசட்டையாக எண்ணாதீர்கள், மூடிய இடத்தில் கேட்டால் தெரியும். அதற்குப் பிறகு செத்த பிரைமரைத் தள்ளலாம்.

தலைகீழானதையும் நசுங்கியதையும் சுட முடியாது. உயிருள்ள பிரைமரை ஊசியால் தள்ளி எடுப்பதை உற்பத்தியாளர்கள் விரும்புவதில்லை. அச்சில் மிக மெதுவாக, முகத்தை விலக்கி வைத்து எடுக்கிறவர்கள் உண்டு. ஒரு பித்தளைக் கூட்டுக்காக அந்த ஆபத்தை நான் எடுப்பதில்லை. அப்படிப்பட்ட கூட்டை வேலையிலிருந்து விலக்கி, அடையாளச் சீட்டு ஒட்டித் தனியாக வைத்து, உள்ளூரில் வெடிபொருளைப் பெற்று அழிக்க அதிகாரம் உள்ளவர்களிடம் ஒப்படைக்கிறேன். எதுவானாலும், சுத்தியலும் ஆணியும் வைத்து யாரும் உயிருள்ள பிரைமரைத் தட்டி எடுக்கக்கூடாது.

வெடிக்காத தோட்டா சுடும் இடத்தில் வந்தால், குழலைப் பத்திரமான திசையிலேயே வைத்து குறைந்தது 30 விநாடி காத்திருங்கள். தாமதமாக வெடிப்பதும் உண்டு. பிறகு எடுத்துப் பார்த்து, குழியில் பிரைமர் எந்த ஆழத்தில் இருக்கிறது, ஊசியின் தடம் எவ்வளவு ஆழம் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் பதித்த கூடுகளில் இரண்டு மூன்று இப்படி வந்தால் மிச்சத்தை அன்றைக்குச் சுடாதீர்கள்.

சுத்தியல் பெட்டி பற்றி

மேசை அச்சு எதுவும் இல்லாமல், ஒரு சிறு பெட்டியும் சுத்தியலும் மட்டும் வைத்துத் தோட்டா நிரப்பும் எளிய கருவித் தொகுப்புகள் உண்டு. அவற்றில் பிரைமரையும் தட்டித்தான் பதிக்க வேண்டும்: பிரைமர் ஒரு கிண்ணத்தில் இருக்கும், கூடு அதன்மேல், கூட்டுக்குள் விட்ட தண்டின் தலையில் சுத்தியல். அவ்வப்போது பிரைமர் வெடிக்கும்; இந்தப் பெட்டியைப் பயன்படுத்தும் பலருக்கு அது பழகிப்போனது. எனக்குப் பழகவில்லை. மெதுவான அழுத்தம் தாங்கும், அடி தாங்காது என்று மேலே சொன்னதற்கு நேர் எதிரான முறை இது.

வேறு வழியே இல்லை என்றால், இரும்புச் சுத்தியலை விட்டு மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆனதை எடுங்கள். ஓங்கி ஒன்று அடிக்காமல் சிறுசிறு தட்டாகத் தட்டுங்கள். தண்டின் நேர் மேலே முகத்தை வைக்காதீர்கள். பிரைமர் தரையைத் தொட்டதும் தட்டும் சத்தம் மாறிக் கெட்டிப்படும். அதற்கு மேல் ஒரு தட்டும் கூடாது. இதைவிட நல்லது, அந்தப் பெட்டியின் மற்றப் பாகங்களை வைத்துக்கொண்டு, பிரைமருக்கு மட்டும் அமுக்குக் கருவி ஒன்றைச் சேர்த்துக்கொள்வது.

வேலை முடிந்த பிறகு

தட்டில் மிஞ்சிய பிரைமர்களை எண்ணி, அவை வந்த அட்டைக்கே திருப்பி அடுக்குங்கள். வேறு வகை அட்டையில் வைத்தால் அடுத்த முறை எது எது என்று உங்களுக்கே தெரியாது. பிரைமரைப் பார்த்து அதன் வகையை அடையாளம் காண முடியாது. தட்டில் எடுத்தது நூறு, பதித்தது எண்பத்திரண்டு, திரும்பியது பதினேழு என்றால் ஒன்று தரையில் கிடக்கிறது. தேடி எடுங்கள். வாக்யூம் கிளீனர் வேண்டாம். ஈரத் துணியோ விரலோ போதும்.

தட்டையும் தண்டையும் ஈரத் துணியால் துடையுங்கள். கலவைத் தூள் நாளடைவில் அங்கே படியும். படிந்த தூளும் வெடிபொருள்தான், ஈயமும்தான். பழைய பிரைமர்கள் விழும் டப்பாவை ஊதிச் சுத்தம் செய்யாதீர்கள், அந்தத் தூசி நேராக நுரையீரலுக்குப் போகும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவும் வரை உணவையோ தண்ணீரையோ தொட வேண்டாம். வீட்டில் குழந்தைகள் இருந்தால் பிரைமர் அலமாரிக்குப் பூட்டு. பளபளக்கும் அந்தச் சின்ன வட்டம் குழந்தைக்குப் பொம்மையாகத்தான் தெரியும்.

பிரைமர் பதித்த கூடுகளைப் பெட்டியில் அடிப்பக்கம் மேலே பார்க்க அடுக்கி, தேதி, பிரைமர் வகை, எத்தனை முறை சுட்ட கூடு என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள். அடிப்பக்கம் மேலே இருந்தால் மூடும் முன் விளக்கைச் சாய்வாகப் பிடித்து ஒரு முறை பார்க்கலாம். ஐம்பது பிரைமரும் ஒரே நிழலில் தெரியும்போது, ஒன்று மட்டும் பளிச்சென்று மின்னினால், அதை வெளியே எடுங்கள்.